வீட்டுக் கோப்புகளுக்குப் பூட்டு: எந்தக் கணினியில் திறப்பது?

தோவாளைப் பூச்சந்தையில் பிச்சியும் கேந்தியும் அரளியும் காலையிலேயே கைமாறிவிடும். ஓணம் நெருங்கினால் கேரள வியாபாரிகளும் குவிவார்கள். அங்கே கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். யார் எவ்வளவு பாக்கி, எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு முன்பணம் என்ற கணக்கும், நிலப் பட்டாவும், ஆதார் நகலும் வீட்டுக் கணினியில் இருக்கின்றன. கீழே அப்பா கணக்கு எழுத வேண்டும். மாடியில் மகள் லேப்டாப்பில் அதைப் பார்க்க வேண்டும். கணினியே திருடு போனாலும் பிறர் வாசிக்க முடியக் கூடாது.

இதற்குத்தான் குறியாக்கம். கோப்பைச் சாவியில்லாமல் படிக்கவே முடியாதபடி அது கலைத்துப்போடுகிறது. இன்று பரவலாக இருக்கும் முறை ஏஇஎஸ். பெல்ஜியத்தின் யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் இருவரும் வடிவமைத்தது. 2001-இல் அமெரிக்கத் தரமாக ஏற்கப்பட்டது. சாவி 256 பிட் என்றால், 16 பைட் கொண்ட ஒவ்வொரு துண்டும் 14 சுற்று கலக்கப்படும். இதற்கான தனிக் கட்டளைகள் 2010 முதல் இன்டெல் சிப்புகளில் வரத் தொடங்கியதால் தாமதமே தெரிவதில்லை.

பூட்டை எந்தக் கணினியில் திறப்பது என்பதில்தான் வசதியும் பாதுகாப்பும் இருக்கின்றன.

கோப்பு இருக்கும் கணினியிலேயே திறக்கலாம். வெராகிரிப்ட் என்ற மென்பொருள் ஒரே பெரிய கோப்புக்குள் தனி டிரைவை உருவாக்கித் தரும். அப்பா கடவுச்சொல் போட்டுத் திறந்து, அந்த டிரைவை ஷேர் செய்தால், மகளுக்கு அது சாதாரண ஃபோல்டராகத் தெரியும். ஆனால் அங்கிருந்து கிளம்பும் கோப்புக்கு வெராகிரிப்ட்டின் பூட்டு கிடையாது. விண்டோஸ் 8 உடன் 2012-இல் வந்த எஸ்எம்பி 3 என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறை, கோப்பு போகும் வழியிலும் குறியாக்கம் செய்யும். அந்த வசதியை நாம்தான் இயக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: அந்தப் பெரிய கோப்பையே ஷேரில் வைத்து, இருவர் தனித்தனியே திறந்து ஒரே நேரத்தில் எழுதினால், உள்ளே இருப்பதெல்லாம் சிதைந்துபோகலாம்.

அவரவர் கணினியில் திறப்பது இன்னொரு வழி. கிரிப்டோமேட்டர் என்ற மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும், அதன் பெயரையும் தனித்தனியாகக் குறியாக்குகிறது. ஷேரில் கிடப்பதும் நெட்வொர்க்கில் போவதும் பூட்டிய கோப்புகளே. ஒரு கணக்கைத் திருத்தினால் அந்தக் கோப்பு மட்டுமே மாறும். ஒரே கோப்பில் இருவர் ஒருசேர எழுதாமல் பார்த்துக்கொண்டால் போதும். கணக்கு, பட்டா போன்ற சிறு கோப்புகள் உள்ள வீட்டுக்கு இதுவே ஏற்றது.

கடவுச்சொல் மறந்தால் மென்பொருளை எழுதியவராலும் திறந்து தர முடியாது. கிரிப்டோமேட்டர் தரும் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எடுத்து, பத்திரம் இருக்கும் பீரோவிலேயே வையுங்கள். பூட்டிய ஃபோல்டரின் இன்னொரு பிரதியை வேறொரு ஹார்ட் டிஸ்க்கிலும் வையுங்கள். டிஸ்க் பழுதானால் குறியாக்கம் காப்பாற்றாது.