திமிங்கலம் காணும் முறை

கொங்கு நாட்டில் பிறந்தவனுக்குக் கடல் அயலானது. நொய்யலும் பவானியும் அமராவதியுமே நாம் அறிந்த நீர். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்றிலே அரபிக் கடலின் ஈரத்தைச் சிறிது உணர்கிறோம், அவ்வளவே. ஆகவே, நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில், கல்விச் சுற்றுலாவாகச் சென்னைக்கு அழைத்துச் சென்ற பிள்ளைகள் எழும்பூர் அருங்காட்சியகத்துத் திமிங்கல எலும்புக்கூட்டின்முன் நகராமல் நின்றுவிடுவது எனக்கு வியப்பளித்ததில்லை. ஒருமுறை ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், "ஏனுங்க சார், இதை உசுரோட நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டான். இல்லை என்றேன். திமிங்கலத்தைப் பற்றி முப்பது ஆண்டுகள் பாடம் சொன்னவன் அதைக் கண்டதில்லை என்பது அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது. எனக்கும் இருந்தது. ஓய்வு பெற்ற பின்னரே அந்த விடையை மாற்றிக்கொள்ள வழி பிறந்தது.

திமிங்கலம் காண்பதென்றால் வடதுருவத்தை அடுத்த கடலுக்குத்தான் போகவேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் முற்றும் பிழையன்று. நார்வே நாட்டின் வடகோடியில், பகலவன் தலைகாட்டாத குளிர்மாதங்களில், ஹெர்ரிங் மீன் கூட்டங்களைத் தொடர்ந்து கூனல்முதுகுத் திமிங்கலங்களும் ஓர்க்காக்களும் மலையிடுக்குக் கடலுக்குள் வந்து சேருகின்றன. ஆறேழு பேர் மட்டும் ஏறும் சிறு படகுகளிற் சென்று அவற்றைப் பார்த்து வருவோர் உண்டு. பனிக்கட்டிக் கடலைவிட்டு அகலாத வில்தலைத் திமிங்கலம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலும் வாழவல்லது; பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்யப்பட்ட ஈட்டிமுனை ஒன்று 2007-இல் அலாஸ்காவில் பிடிபட்ட ஒரு திமிங்கலத்தின் உடலுள் அகப்பட்டது. கேட்கவே அதிசயம். ஆயினும், உலகிலுள்ள விலங்குகள் அனைத்தினும் பெரியதான நீலத் திமிங்கலம் நமக்குத் தெற்கே, இலங்கைக் கரையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க அளவில் உலவுகிறது. துருவத்துக்குச் செல்லும் செலவில் ஒரு சிறு பங்கிருந்தால் அங்கே சென்று வரலாம்.

நம் கரைக்கும் திமிங்கலங்கள் வந்ததுண்டு. ஆனால் அவை வந்த விதம் நல்லதன்று. 1973 சனவரியில் தூத்துக்குடிக்கு அருகே 147 திமிங்கலங்கள் கரையொதுங்கின. 2016 சனவரியில் மணப்பாட்டுக் கரையில் எண்பதுக்கு மேற்பட்டவை ஒதுங்கின; மீனவர்களும் அரசுப் பணியாளரும் இரவெல்லாம் முயன்று பலவற்றைக் கடலுக்குள் இழுத்துவிட்டும் நாற்பதுக்கு மேற்பட்டவை மாண்டன. இவை நீலத் திமிங்கலங்கள் அல்ல. கூட்டமாக வாழும் சிறுவகை. முன்செல்வது வழிதவறினும் பின்வருவது அதனை விட்டுப் பிரிவதில்லை.

சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய ஆசிரியனின் பழக்கம். 'திமி' என்பது வடமொழியில் ஒரு பெருமீன். அதனை விழுங்குவது திமிங்கிலம். அதனையும் விழுங்குவது திமிங்கிலகிலம். ஒன்றையொன்று விழுங்கும் இந்த அடுக்கு கற்பனைக்கு இனியது. உண்மையோ இதற்கு நேர் மாறானது. நீலத் திமிங்கலம் பெருமீன் எதனையும் விழுங்குவதில்லை. அதன் வாயிற் பல்லே கிடையாது. மேல்தாடையிலிருந்து சீப்புப் போல் தொங்கும் நார்த்தகடுகளால் கடல்நீரை வடிகட்டி, விரல் நீளம்கூட இல்லாத இறால் இனங்களை உண்கிறது. நூறு டன் எடையைத் தாண்டக்கூடிய உடலை இந்தப் பொடி உணவு தாங்கி நிற்கிறது. மேலும், அது மீனன்று. நுரையீரலால் மூச்சுவிடும், வெப்பக் குருதி உடையது, குட்டி ஈன்று பாலூட்டும். மீன் வாலைப் பக்கவாட்டில் வீசும், திமிங்கலம் மேலும் கீழுமாக வீசும். இந்த ஒரு வேறுபாட்டை நினைவிற் கொண்டால் தேர்வில் மதிப்பெண் தவறாது.

இனி, இலங்கைக் கடலில் அது ஏன் இருக்கிறது என்பதைப் பார்ப்போம். நீலத் திமிங்கலங்கள் பெரும்பாலும் குளிர்க்கடலில் உண்டு, வெப்பக்கடலில் குட்டி ஈனும் என்பது பாடநூற் செய்தி. இலங்கைத் திமிங்கலங்கள் பாடநூலைப் படித்தவை அல்ல. அவை தென்துருவக் கடலுக்குச் செல்லாமல் ஆண்டு முழுவதும் வட இந்தியப் பெருங்கடலிலேயே தங்கிவிடுகின்றன. 2003-இல் ஆய்வுக் கப்பல் ஒன்றில் பயின்றுவந்த ஆஷா டி வோஸ் என்னும் இலங்கைப் பெண்மணி, இக்கடலில் திமிங்கலங்களின் செந்நிறக் கழிவு மிதப்பதைக் கண்டார். கழிவு உண்டென்றால் உணவும் உண்டன்றோ? வெப்பக்கடலிலும் அவை உண்கின்றன என்பதை அந்தக் காட்சி உணர்த்திற்று. அதன்பின் அவர் தம் வாழ்நாளையே இவ்வாராய்ச்சிக்கு அளித்தார். இலங்கையின் தென்முனையில் கண்டத் திட்டு மிகக் குறுகியது. கரையிலிருந்து சில கிலோமீட்டர் சென்றதும் கடல் ஆழ்ந்துவிடுகிறது. பருவக்காற்றுகள் மேல்நீரை ஒதுக்க, ஆழத்துச் சத்துநீர் மேலேறுகிறது. அச்சத்தினால் நுண்ணுயிர் பெருகுகிறது. அதனை உண்ண இறால் பெருகுகிறது. இறாலை உண்ணத் திமிங்கலம் வருகிறது.

இவை இன்று எஞ்சியிருப்பதே பெரிது. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 29 இலட்சம் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1966-இல் நீலத் திமிங்கல வேட்டை தடைசெய்யப்பட்டது. ஆயினும் அந்தப் பத்தாண்டில் சோவியத் கப்பல்கள் வட இந்தியப் பெருங்கடலில் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றை மறைவாகக் கொன்றன. 1979-இல்தான் சர்வதேசத் திமிங்கல ஆணையம் இந்தியப் பெருங்கடலைப் புகலிடமாக அறிவித்தது. அதனையொட்டி 1982 முதல் 1984 வரை 'டூலிப்' என்னும் சிறு பாய்மரப் படகில் ஹால் விட்டெஹெட் முதலிய சில ஆய்வாளர்கள் இலங்கையைச் சூழ்ந்த கடலிற் சுற்றினர். நீருள் ஒலிவாங்கியை இறக்கி, விந்துத் திமிங்கலங்கள் எழுப்பும் தச்சன் தட்டுவது போன்ற ஒலியைக் கேட்டுக்கேட்டு அவற்றைப் பின்தொடர்ந்தனர். துரத்தாமல் கேட்டுக் காண்பது அவர்கள் முறை. இதற்கிடையே போர் மூண்டது. போர் ஓய்ந்த 2009-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தென்கரையிலுள்ள மிரிஸ்ஸ என்னும் மீன்பிடி ஊர் திமிங்கலம் காண்போர் கூடும் இடமாயிற்று.

மிரிஸ்ஸவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை காலம். கிழக்கே திருகோணமலையில் மார்ச்சு முதல் ஆகஸ்டு வரை. இரண்டும் பொருந்தும் மார்ச்சு மாதத்தில் நாங்கள் ஐந்து நண்பர்கள் புறப்பட்டோம்.

மிரிஸ்ஸவில் நாங்கள் ஏறியது எண்பது பேர் கொள்ளும் இருதட்டுப் படகு. எந்த நிறுவனத்தது என்பது இங்கு வேண்டா. விடியற்காலை ஆறரைக்குக் கிளம்பி ஒன்றரை மணி நேரம் சென்றதும், தொலைவில் வெண்புகை போல் ஒரு மூச்சு எழுந்தது. அவ்வளவுதான், எங்கள் படகும், கண்ணுக்கெட்டிய வேறு ஒன்பது படகுகளும் ஒரே புள்ளியை நோக்கிப் பாய்ந்தன. நூறு மீட்டருக்குள் நெருங்கலாகாது என்பது அந்நாட்டு விதி. விதியை அன்று யாரும் பொருட்படுத்தவில்லை. நாங்கள் கண்டது கருநீல முதுகின் ஒரு கீற்று. கேட்டது இயந்திர இரைச்சல். என் அருகிலிருந்தவர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்ததால் அந்தக் கீற்றையும் பாதிதான் கண்டேன்.

இதனால் திமிங்கலத்துக்கு என்ன கேடு? கணக்காகச் சொல்கிறேன். நீலத் திமிங்கலம் ஆழத்தில் பத்து நிமிடம் அளவில் உண்டபின் மேலே வந்து, சில வினாடி இடைவெளியில் பலமுறை மூச்சிழுத்து, செலவான உயிர்க்காற்றை ஈடுசெய்துகொள்கிறது. 2019-இல் கலிபோர்னியக் கடலில் ஒன்றன்மேல் கருவி பொருத்திப் பார்த்ததில், மூழ்கியபோது அதன் இதயம் நிமிடத்துக்கு இரண்டு முறை மட்டும் துடிக்கும் அளவுக்குத் தாழ்ந்ததும், மேலே வந்தபின் முப்பதுக்கு மேலும் துடித்ததும் தெரிந்தது. அதாவது, அது மேலே நிற்கும் நேரம் ஓட்டப்பந்தயம் முடித்தவன் மூச்சு வாங்கும் நேரம். அப்போது பத்துப் படகுகள் சூழ்ந்தால் குறைமூச்சோடு மூழ்கிவிடுகிறது. குறைமூச்சு குறையுணவு. நாளெல்லாம், பருவமெல்லாம் இவ்வாறு நிகழ்ந்தால் என்னாகும் என்பதை நீங்களே பெருக்கிப் பார்க்கலாம்.

அன்று மற்றொன்றும் கண்டேன். எங்கள் படகுகளுக்கு அப்பால், அடிவானத்தை ஒட்டி, கொள்கலன் அடுக்கிய பெருங்கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றவண்ணமிருந்தன. தெவிநுவர முனைக்குத் தெற்கே செல்லும் இவ்வழி உலகின் மிகச் சுறுசுறுப்பான கப்பற்பாதைகளுள் ஒன்று. திமிங்கலங்கள் உண்ணும் இடமும் அதுவே. கப்பல் மோதி மாண்ட திமிங்கலங்கள் பல கரையொதுங்கியிருக்கின்றன. ஒதுங்காமல் ஆழ்ந்தவை கணக்கில் வரா. இது யாரோ செய்யும் பிழை என்று நாம் இருந்துவிட இயலாது. திருப்பூரிலிருந்து தூத்துக்குடி, கொழும்பு வழியாகக் கிழக்கே ஜப்பானுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகும் பின்னலாடைகளும், சீனத்திலிருந்து நம் ஆலைகளுக்கு வரும் இயந்திரங்களும் செல்லும் கடல்வழி இது. நம் ஊர்ப் பனியன் திமிங்கலத்தின் தலைக்கு மேலாகத்தான் செல்கிறது. பாதையை ஏறத்தாழ 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் வாய்ப்பு மிகப் பெரும்பாலும் நீங்கிவிடும் என்பது ஆய்வாளர் முடிவு. அதனை ஏற்று, மெடிட்டரேனியன் ஷிப்பிங் கம்பெனி என்னும் பெரும் நிறுவனம் 2022-இன் நடுவில் தானாகவே தன் கப்பல்களைத் தெற்கே விலக்கிக்கொண்டது. எல்லாக் கப்பல்களுக்கும் பாதை மாறவேண்டுமானால் இலங்கை அரசு கோரி, சர்வதேசக் கடல்சார் அமைப்பு இசையவேண்டும்.

மிரிஸ்ஸவில் மனம் நிறையாமல் திருகோணமலைக்குச் சென்றோம். ஞானசம்பந்தர் பாடிய கோணேசர் கோயில் நிற்கும் பாறையிலிருந்தே திமிங்கல மூச்சைக் கண்டவர்கள் உண்டு. அத்துணை அருகில் அங்கே கடல் ஆழம். இம்முறை ஒரு மீனவரின் கண்ணாடியிழைப் படகு. நாங்கள் ஐவர், படகோட்டி, அவர் மகன். ஒரு மூச்சு எழக் கண்டதும் நான், "தம்பி, விடுங்கள், விடுங்கள்!" என்று அவசரப்படுத்தினேன். மிரிஸ்ஸப் பழக்கம் அதற்குள் எனக்கும் தொற்றியிருந்தது. படகோட்டியோ இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

"ஐயா, அதை ஓடிப் பிடிக்க ஏலாது. இருந்து பாக்கவேணும்."

இருந்தோம். அலை படகின் அடியிலே தட்டும் ஒலி தவிர வேறொன்றும் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு நிமிடம். ஒன்பது. பதினொன்றாம் நிமிடம், இருநூறு மீட்டர் அப்பால், பெரிய துருத்தியை அழுத்தியது போன்ற ஓசையோடு, இரண்டு மாடி உயரத்துக்கு மூச்சு எழுந்தது. பின்பு முதுகு. அது நீண்டுகொண்டே சென்றது. முடிவில், மிகச் சிறிதாக, ஒரு முதுகுத் துடுப்பு. நாங்கள் அசையவில்லை, ஆகவே அதுவும் விரையவில்லை. ஒன்பது முறை மூச்சுவிட்டதை விரல்விட்டு எண்ணினேன். பத்தாவது மூச்சுக்குப்பின் முதுகை வளைத்து, நீர் வழியும் வாலை உயர்த்தி, நேர்கீழாக இறங்கிற்று. அது மூழ்கிய இடத்தில் எண்ணெய் தடவியது போல் அலையில்லாத வட்டம் ஒன்று சற்று நேரம் நின்றது. வால் தள்ளிய நீர் மேலெழுந்து பரவுவதால் உண்டாவது அது என்று விளக்கத் தொடங்கினேன். நண்பர் ஒருவர் என் தோளைத் தொட்டு, பேசாதிருக்கும்படி சைகை செய்தார்.

அன்று மூன்று முறை கண்டோம். பத்து மணிக்குக் காற்று எழுந்தது; படகோட்டி கரையை நோக்கித் திருப்பினார்.