குழிக்கு அடியில் இருக்கும் செம்பு

"அதான் இருக்கிற செம்பையெல்லாம் தோண்டி எடுத்துட்டீங்களே, இன்னும் எதுக்குப்பா துளை போடுறீங்க?" லீவில் மதுராந்தகம் வரும்போதெல்லாம் மாமா இப்படிக் கேட்பார். மத்தியப் பிரதேசம் பாலாகாட் மாவட்டத்தில், கான்ஹா காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மலாஞ்ச்கண்ட் சுரங்கத்தில் துளையிடும் வேலை பார்த்தவன் நான். இந்துஸ்தான் காப்பர் நிறுவனம் 1982-இல் தொடங்கிய அந்தச் சுரங்கம்தான் செம்புக்காக இந்தியாவில் தோண்டிய மிகப் பெரிய திறந்தவெளிக் குழி.

குழியில் தோண்டுவதை நிறுத்துகிறார்கள் என்றால் செம்பு தீர்ந்துவிட்டது என்று பொருளில்லை. மலாஞ்ச்கண்டில் தாது கிரானைட்டுக்கு நடுவே குவார்ட்ஸ் பாறையோடு சேர்ந்து, செங்குத்தான சாய்வில் கீழே இறங்குகிறது. அதைத் துரத்திக்கொண்டு ஆழமாகப் போகப்போக, சுவர் சரியாமலிருக்கக் குழியின் படிகளை வெளிப்பக்கமாக அகலப்படுத்த வேண்டும். ஒரு டன் தாதுவுக்காகப் பல டன் வெறுங்கல்லை டம்பரில் ஏற்றி மேலே கொண்டுவர வேண்டியிருக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் டீசல் செலவுக்கே கட்டுப்படியாகாது. அங்கே குழி நின்றுவிடும், தாது நிற்காது. அதனால்தான் இப்போது குழிக்கு அடியிலேயே நிலத்தடிச் சுரங்கம் அமைக்கிறார்கள். ஆண்டுக்கு 50 லட்சம் டன் தாது எடுப்பது திட்டம்.

அதற்கு, கீழே எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி, நிறுத்திய பிறகும் பாறையில் அது எவ்வளவு நேரம் தங்குகிறது என்று அளப்பது ஒரு வழி. பழைய சுரங்கத்துக்குப் பக்கத்தில் மின்கம்பிகளும் இரும்புக் குழாய்களும் அந்த அளவைக் குழப்பிவிடும். செம்பே இல்லாத பைரைட்டும் அதே அடையாளத்தைக் காட்டும். கடைசியில் துளை போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நம்ம ஊரில் போர் போட வரும் திருச்செங்கோட்டு வண்டிகளை எல்லோரும் பார்த்திருப்போம். அதன் பிட் கல்லை அடித்துப் பொடியாக்கும், காற்று அதை வெளியே ஊதித் தள்ளும். தண்ணீருக்கு அது போதும். நாங்கள் மாட்டும் பிட் வளையம் மாதிரி இருக்கும், விளிம்பில் வைரத் துணுக்குகள். அது சுற்றிலும் அறுத்து, நடுவில் இருக்கும் கல்லை உருளையாக விட்டுவிடும். அதுதான் கோர். எடுத்த வரிசை மாறாமல் பெட்டியில் அடுக்கி, ஆழத்தை எழுதி வைப்போம். இரண்டு துண்டுகள் இடம் மாறினால் வரைபடத்தில் தாதுவே இடம் மாறிவிடும். துளையும் நேராகப் போகாது, பாறையின் போக்குக்கு வளையும். அந்த வளைவையும் அவ்வப்போது அளந்தாக வேண்டும்.

கோரில் பித்தளை மஞ்சளாக மின்னினால் சால்கோபைரைட், அதாவது செம்புத் தாது. வெளிறிய மஞ்சளாக இருந்தால் பைரைட். சந்தேகம் வந்தால் பேனாக்கத்தி போதும்: சால்கோபைரைட்டில் கீறல் விழும், பைரைட்டில் விழாது. பிறகு கோரை நீளவாக்கில் அறுத்து ஒரு பாதியை லேபுக்கு அனுப்புவோம், மறுபாதி பெட்டியிலேயே இருக்கும். மலாஞ்ச்கண்ட் தாதுவில் செம்பு ஏறக்குறைய 1 சதவீதம்தான். ஒரு டன் கல்லுக்குச் சுமார் 10 கிலோ.

இடம் அடைக்கிறது என்று வெறும் கோர்களைத் தூக்கிப்போடச் சொல்பவர்களோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன். செம்பு இல்லாத துளைதான் தாது எங்கே முடிகிறது என்று காட்டுகிறது. அதோடு, எது தாது, எது வெறுங்கல் என்பதைச் சந்தை விலையும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. செம்பு விலை ஏறினால், அன்றைக்குக் கழித்துக்கட்டிய அரை சதவீதக் கோரைத் திரும்பத் திறந்து பார்ப்பார்கள். மறுபடி துளை போடும் செலவு மிச்சம்.

"நம்ம பக்கம் கிடைக்குமா?" என்றும் மாமா கேட்பார். மதுராந்தகத்தைச் சுற்றியுள்ள குவாரிகளில் ஜல்லியாகும் சார்னோகைட் கல்லில் செம்புக்கு வேலையில்லை. கள்ளக்குறிச்சிப் பக்கம் மாமண்டூரில் துத்தநாகம், ஈயத்தோடு கொஞ்சம் செம்பும் உண்டு. ஜி.எஸ்.டி. சாலையில் பஸ் நிற்கும் மாமண்டூர் இல்லை, அது வேறு ஊர்.

பழைய குழிக்கு அடியில் சுரங்கம் வைக்கும்போது, குழியின் தரைக்கும் கீழே வெட்டும் அறைகளுக்கும் நடுவில் கனமான பாறையைக் கூரையாக விட்டுவைக்க வேண்டும். மழைக்காலத்தில் குழியில் தேங்கும் தண்ணீர் ஆட்கள் மேல் இறங்காமல் தடுப்பது அதுதான். அந்தக் கூரைப் பாறையிலும் செம்பு இருக்கும். ஆனால் அங்கே துளை போடும்போது செம்பின் அளவை விட, கோர் எத்தனை துண்டாக உடைந்து வருகிறது என்பதைத்தான் முதலில் எண்ணுவோம்.