சுவரில் முளைத்த காடுகள் – 9: இருநூறு கிலோ சாம்பல்

இதுவரை இந்தத் தொடரில் பார்த்த சுவர்களில் காடு பச்சைப்பசேல் என்றுதான் இருந்தது. கொடி, கிளி, பெரிய பெரிய இலைகள். கண்ணுக்குக் குளிர்ச்சிதான், ஆனால் நாலு சுவர் பார்த்ததும் அலுத்துவிடுகிறது. இந்த வாரம் காடே சாயமாக வருகிறது, எரிந்து முடிந்த பிறகு.

பிரேசிலின் சாவ் பாலோ நகரம். 2019 ஆகஸ்ட் 19 அன்று பிற்பகல் மூன்று மணி வாக்கிலேயே ஊர் இருட்டிக்கொண்டு வந்தது. மழைமேகத்தோடு, வெகு தொலைவில் எரிந்துகொண்டிருந்த காடுகளின் புகையும் சேர்ந்து கவிந்துவிட்டது. வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடின.

அந்த ஊர்த் தெருவோவியர் முண்டானோ, 2021-ல் எரிந்த இடங்களுக்கே கிளம்பிப் போனார். அமேசான், பந்தனால், செராடோ, அட்லாண்டிக் காடு என்று சுற்றி, சுமார் 200 கிலோ சாம்பலையும் கரியையும் அள்ளிவந்தார். அதைக் குழைத்து, வெளிர்சாம்பலிலிருந்து கரிக்கறுப்பு வரை சாயங்கள் தயாரித்தார். சுவருக்குப் பஞ்சமில்லை. 2007 முதல் விளம்பரப் பலகைகளுக்குத் தடை உள்ள நகரம் அது. அடுக்குமாடிகளின் ஜன்னலில்லாத பக்கச் சுவர்கள் மொட்டையாக நின்றன. அப்படியொரு சுவரில், ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல், காட்டுத்தீ அணைக்கும் ஒருவரை நிறுத்தினார்.

அவர் நிற்கும் தோரணை பிரேசில்காரர்களுக்குப் பழக்கமானது. காண்டிடோ போர்ட்டினாரி 1934-ல் வரைந்த காப்பித் தோட்டத் தொழிலாளியின் தோரணை அது. மூல ஓவியம் அதே நகரத்தின் மாஸ்ப் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுப்பினத் தொழிலாளி, கையில் மண்வெட்டி, தரையில் ஊன்றிய பென்னம்பெரிய வெறுங்கால்கள், பின்னால் வரிசை வரிசையாகக் காப்பிச் செடிகள். எல்லோர் கண்ணும் அந்தக் கால்களுக்குத்தான் போகும். பக்கத்தில் வெட்டுண்ட மரத்தின் அடிக்கட்டை ஒன்றும் இருக்கிறது. அட்லாண்டிக் காட்டை அழித்துத்தான் காப்பி வந்தது. காப்பிப் பணத்தில்தான் சாவ் பாலோ வளர்ந்தது. மாஸ்ப் நிற்கும் பாலிஸ்டா சாலையே ஒரு காலத்தில் காப்பி முதலாளிகளின் மாளிகை வரிசை. போர்ட்டினாரி போகிறபோக்கில் வைத்த அடிக்கட்டையை முண்டானோ மையத்துக்கு இழுத்து வந்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. காட்டை விற்று எழுந்த கான்கிரீட் மேல் காட்டின் சாம்பலைப் பூசுவது அலங்காரம் ஆகாது. கணக்குக் கேட்பது.

இது அவருக்குப் புது வழியும் அல்ல. 2019 ஜனவரியில் புருமாடின்யோ சுரங்கக் கழிவு அணை உடைந்து 270 பேர் மாண்டபோது, அந்தச் சேற்றையே எடுத்துவந்து தொழிலாளர்களின் முகங்களை வரைந்தவர்.

ஒரு குறை உண்டு. சாலையில் நின்று அண்ணாந்து பார்த்தால் அது கறுப்பு வெள்ளையில் நல்ல ஓவியம், அவ்வளவுதான். சாம்பல் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். கடையில் வாங்கிய சாயத்திலும் இதே நிறங்கள் கிடைக்கும். அந்த விஷயத்தில் புருமாடின்யோ சுவர் ஒரு படி மேல். சேற்றின் செம்பழுப்பு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். அதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)