கடைசித் தவணைக்குப் பின்: தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் கடன் தீர்ந்த குடும்பங்களின் வரவு செலவு

கடனைத் தீர்ப்பது ஒரு திறன், தீர்ந்தபின் கடனின்றி வாழ்வது வேறொரு திறன் என்பதைப் பொருளியல் ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் ஆகிய மூவரும் 2019-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், இந்தியாவிலும் பிலிப்பைன்சிலும் அதிவட்டிக்குப் பணம் வாங்கித் தொழில் நடத்திவந்த சந்தை வியாபாரிகளுள் ஒரு பகுதியினரின் கடன் முழுவதையும் ஆய்வாளர்களே அடைத்துவிட்டு, அதன்பின் என்ன நடக்கிறது என்று தொடர்ந்து கவனித்தனர். பெரும்பாலோர் ஆறு வாரங்களுக்குள் மீண்டும் கடன் வாங்கினர். ஓரிரு ஆண்டுகளில், கடன் அடைக்கப்பட்டவர்களுக்கும் அடைக்கப்படாதவர்களுக்கும் இடையே கடன் வாங்கும் அளவில் வேறுபாடே இல்லாமல் போயிற்று. இதை எளியவர்களின் பொறுப்பின்மைக்குச் சான்றாகக் கொள்வோர் உண்டு. அது நியாயமற்ற முடிவு. கடன் தீர்ந்த மறுநாளும் வரவு பழைய முறையிலேயே வருகிறது, செலவு பழைய வேகத்திலேயே வருகிறது, இரண்டும் பொருந்தாத நாட்களைக் கடந்துசெல்லக் கையில் ஒரு சிறு தொகையும் இருப்பதில்லை என்பதால், வட்டிக்காரர் வாசலுக்கே திரும்பப் போக நேர்கிறது என்று கொள்வதே பொருந்தும்.

வரவும் செலவும் பொருந்தாமல் போவதை மிகத் தெளிவாகக் காணக்கூடிய இடங்களுள் தென்காசி வட்டாரமும் ஒன்று. 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இப்பகுதியில் பணம் மூன்று விதமான கதியில் வருகிறது. குற்றாலத்தில் கடை போடுவோர், லாட்ஜ் நடத்துவோர், ஆட்டோ ஓட்டுவோர், எண்ணெய் தேய்த்துவிடுவோர் ஆகியோருக்குத் தென்மேற்குப் பருவக்காற்றின் சாரல் விழும் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களே ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதியைத் தருகின்றன. கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்கள் வருகையால் சிறிதளவு சேர்கிறது. சிற்றாற்றுப் பாசனத்தை நம்பிய உழவருக்குக் கார், பிசானம் என்னும் இரு நெற்போக அறுவடைகளின்போதுதான் கையில் பணம் சேர்கிறது. ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம், கடையநல்லூர்ப் பகுதிகளில் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்களுக்கோ, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில் கூலியும், ஆண்டுக்கு ஒருமுறை போனஸும் கிடைக்கின்றன. மாதச் சம்பளக்காரரை மனத்தில் வைத்து எழுதப்படும் சேமிப்பு அறிவுரைகள் இம்மூவருக்கும் பெரிதாகப் பயன்படுவதில்லை.

இந்த வட்டாரத்தில் கடன் எவ்வளவு கொடியதாக முடியக்கூடும் என்பதை 2017 அக்டோபர் 23 நாடறியச் செய்தது. தென்காசியை அடுத்த காசிதர்மத்தைச் சேர்ந்த ஒரு கூலித்தொழிலாளி, கந்துவட்டி நெருக்கடிக்குப் பலமுறை மனுக் கொடுத்தும் தீர்வில்லை என்ற புகாரோடு, மனைவியுடனும் இரு சிறு பெண் குழந்தைகளுடனும் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்ததில் நால்வருமே உயிரிழந்தனர். கந்துவட்டி, மீட்டர் வட்டி போன்றவற்றைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய தமிழ்நாடு அதிவட்டி வசூல் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. கடன் கொடுக்கும் நிறுவனங்களின் கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் மாநிலம் மற்றொரு சட்டமும் இயற்றியது. சட்டங்கள் வேண்டியவையே; ஆயினும் முற்றிலும் கடன் தீர்ந்த ஒரு குடும்பத்தை அடுத்த கடனிலிருந்து காப்பது வீட்டுக்குள் இருக்கும் கையிருப்புதான்.

கடைசித் தவணை கட்டிய வாரத்திலேயே செய்யவேண்டிய பணி ஒன்று உண்டு. அது சேமிப்பைச் சேர்ந்ததன்று, ஆனால் சேமிப்புக்கு முன்னதாக முடிக்கப்படவேண்டியது. கொடுத்திருந்த புரோநோட்டையும் வெற்றுக் காசோலைகளையும் திரும்பப் பெற வேண்டும். வங்கி அல்லது நிதி நிறுவனமானால் கடன் நிலுவை இல்லை என்ற சான்றை எழுத்தில் வாங்க வேண்டும். சொத்துப் பத்திரத்தை அடமானம் வைத்திருந்தால், கடன் முழுதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூலப்பத்திரத்தைத் திருப்பித் தரவேண்டும் என்றும், நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி விதித்த நெறி 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஒருவர் கடனை ஒழுங்காகத் திருப்பினாரா என்பதைப் பதிவு செய்யும் சிபில் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக அறிக்கை பெறலாம். தீர்ந்த கடன் அதில் தீர்ந்ததாகக் குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. இதே வாரத்தில்தான், ஒழுங்காகக் கட்டியவர் என்பதற்காகவே, முன்னிலும் பெரிய தொகை தருவதாக அழைப்புகளும் வரத் தொடங்கும்.

கடன்பட்ட காலத்தில் அந்தக் குடும்பம் ஒரு பயிற்சியைப் பெற்றிருக்கிறது என்பதை எவரும் எடுத்துச் சொல்வதில்லை. பரவலாக நடைபெறும் நூறு நாள் தண்டலை எடுத்துக்கொள்ளலாம். 10,000 ரூபாய்க் கடன் என்று பெயரெழுதி, முன்வட்டியைப் பிடித்துக்கொண்டு 8,500 அல்லது 9,000 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாட்கள் வசூலிக்கும் முறை அது. மழை பெய்தாலும் கூட்டம் வராவிட்டாலும் அந்த நூறு ரூபாயை எப்படியோ ஒதுக்கிய குடும்பத்துக்குச் சேமிக்கும் ஆற்றல் இல்லை என்று சொல்ல எவருக்கும் தகுதியில்லை. ஆகவே, கடன் முடிந்த மறுநாள் தவணையை நிறுத்தாமல், அதே நாளில், அதே நேரத்தில், அதே தொகையைத் தன் பெயரிலான கணக்கில் செலுத்தத் தொடங்குவதே மிக எளிய வழி. சில வாரங்கள் இடைவெளி விட்டால் அந்தப் பணம் வீட்டுச் செலவோடு கலந்து அடையாளமின்றிப் போய்விடும். அதன்பின் அதைப் பிரித்தெடுப்பது கடினம். தவணைத் தொகை முழுவதையும் சேமிக்க இயலாத குடும்பம், பாதியையேனும் தொடர்ந்து, மறுபாதியை, கடன் காலத்தில் ஒத்திப்போட்ட மருத்துவத்துக்கும் பிள்ளைகளின் தேவைக்கும் செலவிடுவது நியாயமே.

குற்றாலத்துச் சீசன் வியாபாரிக்கு இதனினும் கூடுதலாக ஒன்று தேவைப்படுகிறது. அவருடைய வரவு செலவுத் திட்டம் மாதத்தை அளவாகக் கொள்ளாமல் ஆண்டை அளவாகக் கொள்ள வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு இதை விளக்கும். சீசனின் மூன்று மாதங்களில் செலவு போக மாதம் 60,000 ரூபாயும், மற்ற ஒன்பது மாதங்களில் மாதம் 8,000 ரூபாயும் ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பதாகக் கொண்டால், ஆண்டு வருமானம் 2,52,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 21,000. அக்குடும்பம் தனக்குத்தானே மாதம் 18,000 ரூபாய் சம்பளம் என்று வரையறுத்துக்கொண்டு, ஆடியிலும் அதே 18,000, மாசியிலும் அதே 18,000 என்று செலவிடுமானால், சீசன் மாதங்களில் 1,26,000 ரூபாய் மிஞ்சும். வறண்ட ஒன்பது மாதங்களுக்கு மாதம் 10,000 வீதம் அதிலிருந்து 90,000 எடுத்தபின்னும் 36,000 ரூபாய் கையிருப்பாக நிற்கும். கணக்கு எளிதுதான். சாரல் நேரத்தில் கல்லாவில் நோட்டு நிறையும்போது அதை மூன்று மாத வருமானமாகக் கருதாமல் பன்னிரண்டு மாத வருமானமாகக் கருதுவதற்கே உறுதி வேண்டியிருக்கிறது.

அந்தக் கையிருப்பு ஏன் தேவை என்பதற்கு அண்மைக்கால வரலாறே போதும். பெருந்தொற்றினால் அருவிகளில் குளிக்கத் தடை விதிக்கப்பட்டதால் 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளின் சீசனும் அடுத்தடுத்துப் பறிபோயிற்று. 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனபோது, மீண்டும் தடை வந்தது. வெள்ளம் பெருகும் நாட்களில் மெயின் அருவியிலும் ஐந்தருவியிலும் குளிக்கத் தடை விதிப்பது உயிரைக் காக்கும் செயல், அதில் எவரும் குறைகாண முடியாது. ஆனால் தண்ணீர் குறைந்தாலும் வருமானம் இல்லை, மிகுந்தாலும் வருமானம் இல்லை என்னும் தொழிலில் இருப்பவர், ஒரு முழுச் சீசன் இல்லாமலே போகலாம் என்று எண்ணித்தான் திட்டமிட வேண்டும்.

எதிர்பாராத செலவு என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு எதிர்பார்க்கக்கூடியதே. பள்ளி திறப்பு ஆண்டுதோறும் ஜூனில்தான் வருகிறது. ஊர்க் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி எப்போது கேட்பார்கள் என்பதும், சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கு வீட்டுக்கு எத்தனை விருந்தினர் வருவார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். திருமண வீடுகளில் வைக்கப்படும் அன்பளிப்புப் பணமான சுருள் இவ்வட்டாரத்தில் கடமையாகவே கருதப்படுகிறது. யார் எவ்வளவு வைத்தார் என்று எழுதிய நோட்டு ஒவ்வொரு வீட்டிலும் இருப்பதால், எவ்வளவு திருப்பி வைக்கவேண்டியிருக்கும் என்பதையும் அந்த நோட்டைக் கொண்டே கணிக்கலாம். இவற்றைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து மாதந்தோறும் ஒதுக்கும் குடும்பத்துக்கு, சுருள் வைப்பதற்காக நகையை அடகு வைக்கும் நிலை வராது. உண்மையிலேயே முன்னறிய முடியாதவை நோயும் விபத்தும் மட்டுமே. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையைப் பெற்று வைத்திருப்பதும், வங்கிக் கணக்கின் வழியே ஆண்டுக்கு 20 ரூபாயில் கிடைக்கும் இரண்டு லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீட்டில் சேர்வதும் சேமிப்புக்கு நிகரான பாதுகாப்பாகும்.

சேர்த்த பணத்தை எங்கே வைப்பது என்ற கேள்வியில் வட்டி விகிதத்துக்கு மட்டும் முதலிடம் கொடுப்பது சரியன்று. சிறுகச் சேமிப்போரைப் பற்றி ஆராய்ந்த ஸ்டூவர்ட் ரதர்ஃபோர்ட், விஜயவாடாவின் குடிசைப் பகுதியில் வீடுவீடாக வந்து ஐந்தைந்து ரூபாயாக 220 முறை வசூலித்து, 1,100 ரூபாய் சேர்ந்ததும் 100 ரூபாயைக் கூலியாகக் கழித்துக்கொண்டு 1,000 ரூபாய் திருப்பித் தரும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். வட்டி பெறுவதற்கு மாறாகத் தம் பணத்தைச் சேமிக்கத் தாமே பணம் கொடுக்க மக்கள் முன்வந்தனர். கைக்கு எட்டாத இடத்தில், தவறாத முறையில் பணம் சேர்வதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் நிறைவேற்றுவதும் இந்தத் தேவையையே. தமிழ்நாட்டில் 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிப் பரவிய இக்குழுக்களில், தவறாத கூட்டமும் தவறாத சேமிப்பும்தான் அடிப்படை. வங்கிக் கடனுக்காக மட்டும் குழுவில் இருப்பவர்கள் அதன் பாதிப் பயனை இழக்கிறார்கள். ஏலச்சீட்டில் சேர்வோர், 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின் கீழ் அந்தச் சீட்டு பதிவு செய்யப்பட்டுள்ளதா என்று கேட்க வேண்டும். பதிவில்லாத தீபாவளிச் சீட்டில் போடும் பணத்துக்குப் பாதுகாப்பு இல்லை.

பீடி சுற்றும் பெண்களுக்கு ஏற்கனவே ஒரு சேமிப்பு இருக்கிறது. வீட்டிலிருந்து சுற்றுவோரும் வருங்கால வைப்பு நிதிக்கு உரியவர்களே என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் தீர்ப்பளித்தது. தொழிலாளியின் கூலியிலிருந்து 10 சதவீதமும் முதலாளியின் பங்கும் சேரும் அந்நிதிக்கு 2024-25-ஆம் ஆண்டில் 8.25 சதவீத வட்டி அறிவிக்கப்பட்டது. இவ்வளவு வட்டி தரும் பாதுகாப்பான சேமிப்பு எளியவர்களுக்கு வேறு அரிது. தம் பெயரில் பாஸ் புத்தகம் இல்லாமல் பிறர் பெயரில் பீடி சுற்றிக் கொடுப்பவர்கள் இழப்பது இந்த நிதியைத்தான். இதற்கடுத்த நிலையில், 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயை அப்படியே அஞ்சலகத் தொடர் வைப்பில், அதாவது மாதந்தோறும் ஒரே தொகையை ஐந்தாண்டுகள் கட்டும் கணக்கில் போட்டால், 2023 அக்டோபர் முதல் உள்ள 6.7 சதவீத வட்டியில் முதிர்வின்போது 71,000 ரூபாய்க்குச் சற்று மேல் கிடைக்கும். ஓராண்டு கட்டியபின் இருப்பில் பாதிவரை கடனாகப் பெறலாம்; அதற்கான வட்டி, கணக்கு தரும் வட்டியைவிட 2 சதவீதமே கூடுதல் என்பதால், அவசரத்துக்குத் தண்டல்காரரிடம் போகவேண்டியதில்லை.

இந்தக் கணக்கு மாதச் சம்பளக்காரருக்கே உரியது என்ற எண்ணம் குற்றாலத்து வியாபாரிகளிடம் இருக்குமானால் அதை மாற்றிக்கொள்ள வேண்டும். தொடர் வைப்பில் தவணைகளை முன்கூட்டியே செலுத்த விதியில் இடமுண்டு. பன்னிரண்டு மாதத் தவணையை ஒரே நேரத்தில் கட்டுவோருக்கு மாதத் தவணையின் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் மொத்தம் 40 ரூபாய் தள்ளுபடியும் கிடைக்கிறது. ஆகவே கடன் தீர்த்த வியாபாரி, ஆவணி முடிந்து கடையைப் பிரிப்பதற்கு முன்பே அஞ்சலகத்துக்குச் சென்று அடுத்த சீசன் வரைக்குமான தவணையைக் கட்டிவிட வேண்டும். கணக்குத் தொடங்க மாதம் 100 ரூபாய் போதும்.