பொட்டளவு பிரைமர்

அமெரிக்காவின் துப்பாக்கிச் சுடுதளங்களில் சுட்டு முடித்தவர்களில் பலர் உடனே கிளம்புவதில்லை. குனிந்த தலை நிமிராமல் தரையைத் துழாவிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பொறுக்குவது பித்தளை. சுட்டபின் தோட்டாவிலிருந்து குண்டு பறந்துவிடும். உள்ளே இருந்த மருந்து எரிந்துவிடும். அடியில் இருந்த பிரைமர் வெடித்துத் தீர்ந்துவிடும். மிஞ்சுவது பித்தளைக் கூடு ஒன்றுதான். தோட்டாவின் பாகங்களில் விலை கூடியதும் பெரும்பாலும் அதுவே. வெடித்தபோது உப்பிய கூட்டைப் பழைய அளவுக்கு நெருக்கி, புதுப் பிரைமர் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, வாயில் குண்டைச் செருகினால் மறுபடியும் தோட்டா. ரீலோடிங் என்கிறார்கள். சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ள அங்கே மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்குத்தான் வேண்டும். (இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். படிக்கிறவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.)

கடையில் தோட்டா தீர்ந்தாலும் வீட்டில் செய்துகொள்பவன் பிழைத்துக்கொள்வான் என்பது இந்தப் பொழுதுபோக்கின் பழைய பெருமை. ஒரு காலத்தில் அதில் நியாயம் இருந்தது. இப்போதைய தட்டுப்பாடுகளில் முதலில் கைகட்டி நிற்பவர்கள் இவர்கள்தான்.

1870-களில் காட்டெருமை வேட்டைக்காரர்களுக்கு இது பொழுதுபோக்கே அல்ல. பக்கத்துக் கடை என்பது பல நாள் பயணத் தொலைவு. அதனால் ஈயக் கட்டி, கரிமருந்துப் பீப்பாய், வார்ப்பு அச்சு எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சமவெளிக்குப் போனார்கள். பகலில் சுட்ட கூடுகளை இரவில் நெருப்பருகே உட்கார்ந்து நிரப்பினார்கள். 1884-இல் நியூ ஹேவன் நகரத்து ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனம் குறடு போன்ற ஒரு கைக்கருவியைச் செய்து விற்றது. பைக்குள் அடங்கிய பட்டறை அது. அன்றும் பிரைமர் தொழிற்சாலையிலிருந்துதான் வந்தது. டப்பா சிறியது, விலை குறைவு, எடையும் இல்லை. அதனால் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலம்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. செம்பும் பித்தளையும் ஈயமும் ராணுவத்துக்குப் போய்விட, சிறு விலங்கு வேட்டைக்கான குண்டுகள் கடைகளில் காணாமல் போயின. கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃப்ரெட் ஹன்டிங்டனுடைய குடும்பம் சலவைக்கூடம் நடத்தி வந்தது. அதன் பின்பகுதியில் அவர் குண்டு செய்யும் அச்சு ஒன்றை உருவாக்கினார். சுட்டு எறியப்பட்ட சிறிய .22 கூடுகளை அதில் இட்டு, உள்ளே ஈயம் வைத்து நெருக்கினால் உறையோடு கூடிய குண்டு வந்துவிடும். அந்த வகைக் கூட்டை மறுபடி நிரப்ப முடியாது, அது குப்பை. குப்பையிலிருந்து குண்டு எடுத்தவர் அவர். அந்த அச்சுக்கு அவர் வைத்த பெயரின் முதலெழுத்துகள்தான் ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தின் பெயர், தொடக்கம் 1943. தட்டுப்பாடு ஒரு தொழிலைப் பெற்றெடுத்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

போர் முடிந்ததும் நிலைமை தலைகீழானது. ராணுவத்திடம் மருந்து மலையாகக் கிடந்தது. கான்சாஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜன் ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் வாங்கி அந்த உபரி மருந்தை வாங்கினார். 1947-இல் ‘அமெரிக்கன் ரைஃபிள்மேன்’ இதழில் சின்னதாக ஒரு விளம்பரம் கொடுத்து, 150 பவுண்டு பீப்பாயை 30 டாலருக்கு விற்றார். இன்று ஒரே ஒரு பவுண்டு டப்பாவுக்கே அந்தப் பணம் போதாது. 1958-இல் விஸ்கான்சின் மாநிலத்து ரிச்சர்ட் லீ, தன் வீட்டு நிலவறையில் தொடங்கி, மேசையில் வைத்துச் சுத்தியலால் தட்டிச் செய்யும் எளிய கருவிப்பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சில நேரம் தட்டும் தட்டில் பிரைமர் பட்டென்று வெடித்து வீட்டையே எழுப்பிவிடும் என்று பழையவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

இன்றைய பட்டறை வேறு உலகம். மேசையில் போல்ட் போட்டு இறுக்கிய இயந்திரத்தின் பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா முடிந்து விழும். பழகிய கை மணிக்குச் சில நூறு செய்துவிடும். மின்தராசு, பித்தளையைக் குளிப்பாட்டி மினுக்கும் எந்திரம், கைபேசியில் மருந்தின் அளவு அட்டவணை எல்லாம் வந்துவிட்டன. ஈயத் தூசி பற்றிய பயமும் வந்திருக்கிறது. சமையலறை அடுப்பில் ஈயம் உருக்கிய தலைமுறைக்கு அது இல்லை; பேரன் கையுறை போடாமல் உட்காருவதில்லை. அந்த ஒரு மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன்.

இத்தனை வசதியும் ஒரு பொட்டளவு பொருளிடம் தோற்றுப்போகிறது. தீபாவளித் துப்பாக்கியில் வைக்கும் பொட்டு கேப்பு தெரியுமல்லவா, பிரைமர் வேலை செய்கிற விதம் கிட்டத்தட்ட அதுதான். அடித்தால் பொறி கிளம்பும் நுண்மருந்தை ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் அடைத்திருப்பார்கள். குண்டை வார்க்கலாம், கூட்டைப் பொறுக்கலாம். இதை வீட்டில் செய்ய நினைப்பவர் விரல்களை இழக்கத் தயாராக இருக்க வேண்டும். அமெரிக்காவில் பெரிய அளவில் இதைச் செய்தவை நான்கே பெயர்கள்: சி.சி.ஐ., ஃபெடரல், ரெமிங்டன், வின்செஸ்டர். நான்கும் தோட்டாவும் விற்பவை. தோட்டாவுக்கே ஆள் அடித்துக்கொள்ளும் நாளில் பிரைமரைத் தனியே டப்பாவில் போட்டு விற்க எந்த முதலாளிக்கு மனம் வரும்?

2008-இல் ஒபாமா வென்றபோதும், 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலைக்குப் பின் சட்டம் இறுகும் என்று பேச்சு கிளம்பியபோதும் அலமாரிகள் காலியாயின. ஆனால் 2020-க்கு முன் அவை ஒத்திகைதான். துப்பாக்கி வாங்குவோர் மீதான எஃப்.பி.ஐ. பின்னணிச் சோதனைகள் அந்த ஆண்டில் ஏறக்குறைய 3 கோடியே 97 லட்சம். வாங்கியவர்களில் பலர் முதல்முறை. அதே ஆண்டு ஜூலையில் ரெமிங்டன் திவாலானது. ஆர்கன்சாவின் லோனோக் ஊரில் இருந்த அதன் தோட்டா ஆலையை, சி.சி.ஐ.யையும் ஃபெடரலையும் ஏற்கெனவே கையில் வைத்திருந்த விஸ்டா நிறுவனம் 81.4 மில்லியன் டாலருக்கு வாங்கியது. தேவை உச்சத்தில் இருந்த நேரத்தில் நான்கில் ஒரு ஆலை தடுமாறிக்கொண்டிருந்தது. ஆயிரம் பிரைமர் முப்பது டாலருக்குக் கிடைத்த காலம் போய், கைமாற்றுச் சந்தையில் நூறு டாலரைத் தாண்டியது.

பதுக்கலையும் சொல்லியாக வேண்டும். பிரைமரும் மருந்தும் அபாயச் சரக்கு என்பதால் அனுப்பும் ஒவ்வொரு பொதிக்கும் தனிக் கட்டணம் உண்டு. கட்டணம் கட்டுவதே கட்டுகிறோம், ஐயாயிரமாக வாங்குவோம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். தீ பாதுகாப்பு விதித்தொகுப்பு ஒரு வீட்டுக்குப் பத்தாயிரம் பிரைமர், இருபது பவுண்டு மருந்து என்கிற அளவில் வரம்பு சொல்கிறது. அந்த வரம்பையே இலக்காக வைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். ‘பஞ்சம் பஞ்சம்’ என்று புலம்பியவர்களில் பாதிப் பேர் வீட்டு அலமாரி நிரம்பியிருந்தது என்பது என் சந்தேகம்.

மருந்துக்கும் சோதனை வந்தது. புகையில்லா மருந்தின் மூலப்பொருள் நைட்ரோசெல்லுலோஸ். அதைச் செய்யப் பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சு வேண்டும். உக்ரைன் போருக்குப் பீரங்கிக் குண்டுகள் பெருக, அந்தப் பொருளுக்கு உலகெங்கும் இழுபறி. 2024-இல் அலையன்ட் நிறுவனம் சில்லறை மருந்து விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. அதே ஆண்டு நவம்பரில் விஸ்டாவின் தோட்டாத் தொழில் முழுவதையும் செக் நாட்டுக் குழுமம் ஒன்று 2.2 பில்லியன் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. நான்கு பிரைமர் பெயர்களில் மூன்று அதோடு போயின. ‘யாரையும் நம்பாமல் வாழ்வது’ என்று மார்தட்டும் ஓர் அமெரிக்கப் பொழுதுபோக்கின் சாவி இப்போது ஐரோப்பாவில் இருக்கிறது.

ஆகவே கணக்கும் மாறிவிட்டது. 9 எம்.எம். கைத்துப்பாக்கித் தோட்டாவை வீட்டில் செய்து மிச்சம் பிடித்த காலம் ஒன்று உண்டு. பிரைமர் விலை ஏறி, கடைத் தோட்டாவின் விலை இறங்கியபின், செலவிடும் மாலைகளையும் சேர்த்தால் மிச்சம் ஒன்றுமில்லை. ‘சேமிக்கவில்லை, அதிகமாகச் சுடுகிறோம்’ என்பது அவர்களே சொல்லிச் சிரிக்கும் பழைய நகைச்சுவை. பஞ்ச காலத்தில் ஆசையாக இயந்திரம் வாங்கியவர்கள் அதை விளம்பரம் கொடுத்து விற்கத் தொடங்கிவிட்டார்கள். ஆயிரம் கெஜத்துக்கு அப்பால் இலக்கு வைப்பவரும், எந்த ஆலையும் தோட்டா செய்யாத பழைய துப்பாக்கி வைத்திருப்பவரும் அந்த விளம்பரங்களைப் பார்த்துப் பேரம் பேசுகிறார்கள். இயந்திரம் வாங்குமுன் அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ‘கூடவே பிரைமர் ஏதாவது தருவீர்களா?’