பெல்ட் பின்னால் ஓடட்டும், விமானம் பறக்கும்

ஓடுதளம் இருக்க வேண்டிய இடத்தில் அதே நீளத்துக்கு ஒரு கன்வேயர் பெல்ட். அதன்மேல் ஒரு விமானம். விமானம் எவ்வளவு வேகமாக முன்னால் நகர்கிறதோ, அவ்வளவு வேகமாக பெல்ட் பின்னால் ஓடும். விமானம் மேலே எழும்புமா, எழும்பாதா?

நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் இதைக் கேட்டுவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தால் போதும், பொழுது போய்விடும். பெரும்பாலோர் எழும்பாது என்றுதான் சொல்வார்கள். டிரெட்மில்லில் ஓடுகிறவர் எவ்வளவு வியர்க்க ஓடினாலும் நின்ற இடத்திலேயேதானே இருக்கிறார்? விமானமும் அப்படியே நிற்கும். நின்றால் இறக்கையின் மேல் காற்று பாயாது. காற்று பாயாவிட்டால் தூக்குவிசை ஏது? இந்த வாதத்தின் பின்பாதி முழுக்கச் சரி. பிழை முன்பாதியில் இருக்கிறது.

டிரெட்மில்லில் ஓடுகிறவர் தம் காலால் பெல்ட்டைப் பின்னுக்குத் தள்ளித்தான் முன்னேறப் பார்க்கிறார். காரும் அப்படித்தான். எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுகிறது, சக்கரம் சாலையைப் பின்னால் உதைக்கிறது. சாலையே பின்னால் ஓடினால் கார் நின்ற இடத்திலேயே நிற்கும். விமானத்தின் கதை வேறு. ஓடுதளத்தில் வேகம் எடுக்கும் விமானத்தின் எஞ்சினுக்கும் அதன் சக்கரங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஜெட் எஞ்சினோ ப்ரொப்பல்லரோ, அது காற்றை இழுத்துப் பின்னால் தள்ளுகிறது. அந்தத் தள்ளலின் எதிர்விசைதான் விமானத்தை முன்னால் கொண்டுபோகிறது. சக்கரங்களுக்கு பிரேக் உண்டு, ஆனால் தரையை உதைத்து விமானத்தை ஓட்டும் வேலை அவற்றுக்குக் கிடையாது. விமானம் போகிற போக்கில் அவை வெறுமனே உருள்கின்றன.

விமான நிலையத்தில் ஆட்கள் நின்றபடியே நகரும் நடைபாதைப் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு எதிர்த்திசையில் ஓடும் பட்டையின் மேல் சக்கரம் வைத்த உங்கள் பெட்டியை வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் மட்டும் பக்கத்துத் தரையில் நடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி உங்களோடு வராமல் போகுமா? வரும். அதன் சக்கரங்கள் வழக்கத்தைவிட வேகமாகச் சுழலும், அவ்வளவுதான். இழுக்கும் கை பட்டையின்மேல் ஊன்றி இழுக்கவில்லை என்பதே காரணம். விமானத்தை இழுக்கும் கை காற்றில் ஊன்றியிருக்கிறது.

பெல்ட் ஒன்றுமே செய்யாதா? சக்கரத்தின் உருளல் உராய்வு வழியாகக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கும். எவ்வளவு என்று ஏர்பஸ் ஏ320 விமானத்தை வைத்துக் கணக்குப் போடலாம். முழுச் சுமையோடு அதன் எடை ஏறக்குறைய 78 டன். இரண்டு எஞ்சின்களும் சேர்ந்து தரும் உந்துவிசை சுமார் 24 டன். நல்ல ஓடுதளத்தில் உருளும் டயரின் தடை, சுமக்கும் எடையில் நூற்றுக்கு ஒன்றரை என்று கொண்டால், ஒரு டன்னைச் சற்றே தாண்டும். சக்கரம் இரு மடங்கு வேகத்தில் சுழல்வதால் அந்தத் தடை மும்மடங்கே ஆனாலும், எஞ்சின் கையில் 20 டன் மிச்சம். விமானம் வழக்கமான தூரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக ஓடி மேலே எழும்.

வாய்ப்பேச்சில் அடங்காத இந்த வழக்கை அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'மித்பஸ்டர்ஸ்' நேரடியாகவே சோதித்துப் பார்த்தது. 2008 ஜனவரி 30 அன்று ஒளிபரப்பான நிகழ்ச்சி அது. நீண்ட தார்ப்பாயை ஓடுதளத்தில் விரித்து, அதன்மேல் ஓர் இலகுரக விமானத்தை நிறுத்தி, தார்ப்பாயை ஒரு பிக்கப் லாரியால் எதிர்த்திசையில் இழுத்தார்கள். லாரியின் வேகம் விமானம் எழும்பத் தேவையான மணிக்கு 40 கிலோமீட்டர் அளவுக்கே வைக்கப்பட்டது. விமானத்தை ஓட்டியவருக்கே அது பறக்கும் என்ற நம்பிக்கை இல்லை. பறந்தது.

விமானம் கேட்பது தரையில் இத்தனை வேகம் என்பதை அல்ல, காற்றில் இத்தனை வேகம் என்பதைத்தான். 1903 டிசம்பர் 17 அன்று கிட்டி ஹாக் மணல்வெளியில் ஆர்வில் ரைட் பறந்ததைக் கவனியுங்கள். அந்த விமானத்துக்குச் சக்கரமே கிடையாது. மரத் தண்டவாளத்தின் மேல் உருளும் சிறு வண்டியில் அதை வைத்திருந்தார்கள், விமானம் எழும்பியதும் வண்டி கீழேயே தங்கிவிட்டது. அன்று மணிக்கு 40 கிலோமீட்டருக்கும் மேலான எதிர்க்காற்று. அதனால் 12 வினாடிப் பறத்தலில் தரையைப் பொறுத்து விமானம் கடந்தது 120 அடிதான், கிட்டத்தட்ட மனிதன் மெல்ல ஓடும் வேகம். அண்ணன் வில்பர் இறக்கையைப் பிடித்தபடி கூடவே ஓடிவர முடிந்தது இதனால்தான். காற்றைப் பொறுத்தோ விமானத்தின் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல்.

நகரும் தளம் விமானத்துக்கு உண்மையிலேயே உதவும் இடம் ஒன்று உண்டு: விமானந்தாங்கிக் கப்பல். அங்கே தளம் பின்னால் ஓடுவதில்லை, விமானத்தையும் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுகிறது. கப்பல் காற்றை எதிர்த்து முழு வேகத்தில் போனால், எஞ்சின் முடுக்கும் முன்பே இறக்கைக்குக் காற்று கிடைத்துவிடும். 1912 மே மாதத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் சார்ல்ஸ் சாம்சன், ஓடிக்கொண்டிருந்த ஹைபர்னியா கப்பலிலிருந்து பறந்து இதற்கு வழிகாட்டினார். 1917 ஆகஸ்ட் 2 அன்று எட்வின் டன்னிங் ஃபியூரியஸ் கப்பலில் இறங்கியபோது, கப்பலின் வேகமும் எதிர்க்காற்றும் சேர்ந்து அவருடைய சிறு விமானத்தைத் தளத்தின் மேல் ஏறக்குறைய அந்தரத்தில் நிறுத்திவிட்டன. அதிகாரிகள் ஓடிவந்து கையாலேயே பிடித்து இறக்கினார்கள். ஐந்தே நாளில், இன்னொரு முயற்சியில், டன்னிங் கடலில் விழுந்து இறந்தார். கவண் இல்லாமல் மேல்நோக்கி வளைந்த முகப்பிலிருந்து விமானங்களை ஏவும் நம்முடைய விக்ராந்த் போன்ற கப்பல்களுக்கு இந்த எதிர்க்காற்று இன்றும் பெரிய வரவு.

இத்தனைக்குப் பிறகும் சண்டை ஏன் ஓயவில்லை? கேள்வி பல வடிவத்தில் உலாவுவதுதான் காரணம். பெல்ட்டின் வேகம் விமானத்தின் வேகத்துக்குச் சமம் என்பது ஒரு வடிவம், இதுவரை பேசியது அதைத்தான். சிலர் அதைச் 'சக்கரத்தின் வேகத்துக்குச் சமம்' என்று மாற்றிவிடுகிறார்கள். சறுக்காமல் உருளும் சக்கரத்தின் வேகம் என்பது விமானத்தின் வேகமும் பெல்ட்டின் வேகமும் சேர்ந்த கூட்டுத்தொகை. அது பெல்ட்டின் வேகத்துக்கு மட்டுமே சமமாக இருக்க வேண்டுமானால், விமானத்தின் வேகம் பூஜ்யமாக வேண்டும். அதாவது விமானம் நகரக் கூடாது என்ற விடையைக் கேள்விக்குள்ளேயே ஒளித்துவைத்தாயிற்று.

அப்படி நிறுத்திவைக்க ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. பெல்ட் இடைவிடாமல் முடுகிக்கொண்டே போனால், சக்கரத்தை மேலும் மேலும் வேகமாகச் சுழற்ற வேண்டியிருப்பதால் ஒரு பின்னிழுப்பு உண்டாகும். ஏ320-இன் சக்கரங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு டன், அவை கெட்டியான வட்டத் தட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். 24 டன் உந்துவிசையை ஈடுகட்ட பெல்ட்டின் வேகம் ஒவ்வொரு வினாடியும் மணிக்கு சுமார் 1,700 கிலோமீட்டர் கூட வேண்டும். முதல் வினாடி முடிவதற்குள்ளேயே அது ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும். அந்த வேகத்தில் ஓடும் பெல்ட் தன்னோடு காற்றையும் வாரி இழுத்து விமானத்துக்கு எதிர்க்காற்றாக ஊதும் என்பது தனி வேடிக்கை.

ஒரு விஷயத்தில் மட்டும் எழும்பாது என்பவர்கள் பக்கம் சற்றுச் சாயலாம். ஏ320 எழும்பும் வேகம் மணிக்கு சுமார் 270 கிலோமீட்டர். எதிரே பெல்ட்டும் அதே வேகத்தில் ஓடினால் டயர்கள் 540-இல் சுழல வேண்டும். அந்த விமானத்தின் டயர்களுக்கு அனுமதித்த உச்சவேகம் சுமார் 360 கிலோமீட்டர்தான். தொலைக்காட்சிக்காரர்களின் குட்டி விமானத்துக்கு 80-ஐத் தாண்டும் தேவை இருக்கவில்லை, அது தப்பித்தது. ஏர்பஸ்ஸின் டயர்கள் வழியிலேயே வெடிக்கக்கூடும். அப்போதும் விமானத்தைத் தடுத்தது பெல்ட்டின் ஓட்டம் ஆகாது, டயரின் பலவீனம்தான்.

ஆகவே இந்தக் கேள்வியோடு யாராவது வந்தால், பெல்ட்டின் வேகம் எதற்குச் சமம் என்று முதலில் கேளுங்கள். விமானத்தின் வேகத்துக்கு என்றால், பறக்கும் என்று தயங்காமல் பந்தயம் கட்டலாம். சக்கரத்தின் வேகத்துக்கு என்றால், கேள்வியைத் திருத்தி எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.