தங்கமா, கவரிங்கா?

பிச்சாவரம் படகுத்துறைப் பக்கம் இரண்டு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். கிள்ளையிலிருந்து வந்திருந்த தம்பி கைக்குட்டையை அவிழ்த்து ஒரு கைக்கடிகாரத்தை எடுத்து வைத்தார். கப்பலில் வேலை பார்த்த தாத்தாவுடையது. சுவிஸ் வாட்ச். “அண்ணே, இது தங்கமா, கவரிங்கா? கடையில உரசிப் பார்த்துட்டு ஒண்ணும் தேறாதுன்னுட்டாங்க.”

கவரிங் நகைக்குப் பேர்போன சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இப்படிக் கேட்காமல் வேறு எப்படிக் கேட்பது? ஆனால் இது தங்கமும் இல்லை, கவரிங்கும் இல்லை.

ரிப்பேர்காரரிடம் கொடுத்துத் திறந்து பார்த்தபோது, கேஸின் உட்பக்கத்தில் ‘10கே கோல்டு ஃபில்டு’ என்று பொடி எழுத்தில் அடித்திருந்தது. பித்தளைத் தகட்டின் மேல் தங்கக் கலவைத் தகட்டை வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்டி, உருளைகளுக்கு நடுவே விட்டு மெலிதாக்குவார்கள். பிறகு அந்தத் தகட்டிலிருந்துதான் கேஸை அச்சில் அடித்து எடுப்பார்கள். முலாம் தொட்டியில் முக்கி எடுத்த வேலை அல்ல. ‘ரோல்டு கோல்டு’ என்று நம்மவர்கள் சொல்வது இதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். 10கே என்றால் 24 பங்கில் 10 பங்கு தங்கம். அந்தக் காலத்து அமெரிக்க விதிப்படி, கோல்டு ஃபில்டு என்று கேஸில் அடிக்க வேண்டுமானால் மேல் தகடு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்காவது கனமாக இருக்க வேண்டியிருந்தது. அது சுமார் 76 மைக்ரான், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம். முலாம் பூசிய சுவிஸ் கேஸ்களில் 10, 20 மைக்ரான் என்று போட்டிருப்பதைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். மலிவான முலாம் நகையில் ஒரு மைக்ரான்கூட இருக்காது.

சுவிஸ் வாட்சுக்கு அமெரிக்க விதி எதற்கு என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. அப்போது முழுக் கடிகாரமாக அமெரிக்காவுக்குள் கொண்டுபோனால் இறக்குமதி வரி அதிகம். அதனால் ஒமேகா, லாஞ்சின்ஸ் போன்ற கம்பெனிகளின் இயந்திரம் மட்டும் சுவிட்சர்லாந்திலிருந்து கப்பலேறும். கேஸை அமெரிக்காவிலேயே செய்து பூட்டுவார்கள். ‘அமெரிக்காவில் கேஸ் பூட்டி நேரம் சரிசெய்யப்பட்டது’ என்ற பொருளில் பல கேஸ்களுக்குள் ஆங்கில வாசகம் இருக்கும். சேகரிப்பவர்கள் அதைத் தேடிப் படிப்பார்கள்.

கோல்டு ஃபில்டு கடிகாரங்களின் மேல் எனக்குப் பிரியம் வந்ததற்குக் காரணமே வேறு. கெட்டித் தங்கக் கேஸுக்குப் பெரிய பகை தராசு. 1980 ஜனவரியில் தங்கம் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டபோது, எத்தனையோ அருமையான தங்கக் கடிகாரங்கள் கேஸை உரித்து உருக்கப்பட்டன. உள்ளே இருந்த இயந்திரம் அநாதையானது. நம் ஊரில் தங்கம் என்றால் அவசரத்துக்கு அடகு, அதற்கு மேல் போனால் உருக்கல். கோல்டு ஃபில்டு கேஸை உருக்கினால் கிடைக்கும் தங்கம் கொஞ்சம்தான். கடைக்காரர் ஒன்றும் தேறாது என்றாரே, அதனால்தான் தாத்தாவின் வாட்ச் இன்று பேரன் கையில் முழுசாக இருக்கிறது. பார்வைக்குத் தங்கத்தின் அழகு, உருக்க ஆசை வராத அளவுக்குத் தங்கம். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் இதன் மதிப்பு.

இதன் அழகைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். இன்றைய கடிகாரங்களுக்கு முன்னால் சிறுசு, 33, 34 மில்லிமீட்டர்தான். முழுக்கைச் சட்டையின் கஃப்புக்குள் சிக்காமல் நுழையும். ஆறு மணி இடத்தில் விநாடிக்கென்று ஒரு குட்டி வட்டம். தினம் காலையில் சாவி கொடுக்க வேண்டும். காதில் வைத்தால் விநாடிக்கு ஐந்து தட்டு, மணிக்கு 18,000. பட்டை மாட்டும் கொம்புகளின் நுனியில் தாத்தாவின் சட்டை உரசி உரசித் தங்கம் தேய்ந்து பித்தளை எட்டிப் பார்க்கிறது. அதைக் குறையாக நான் நினைப்பதில்லை. ஒரு மனிதர் இதை நாள்தோறும் கட்டியிருக்கிறார் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி?

மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்சும் போட்ட காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் சுவிஸ் கடிகாரங்கள் நிறையவே வந்தன. 1737-இல் தொடங்கிய ஃபாவ்ர் லூபா 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டது. வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி பம்பாயிலும் கல்கத்தாவிலும் கடை விரித்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் பெயர்பெற்ற பி. ஆர் அண்ட் சன்ஸ், தன் பெயரையே டயலில் போட்டு விற்றது. அப்படி ஒன்று உங்கள் வீட்டு அலமாரியில் கிடக்க நல்ல வாய்ப்பு உண்டு.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. ‘மும்பை ஸ்பெஷல்’ என்று சேகரிப்பவர்கள் சொல்லும் சரக்கு ஏராளமாகப் புழங்குகிறது. பழைய டயலைச் சுரண்டிப் பளிச்சென்று புது வண்ணம் அடித்து, வேறு வாட்சின் முள்ளைப் போட்டு, கிடைத்த இயந்திரத்தை உள்ளே வைத்து விற்பார்கள். எழுத்து தடிமனாக, கோணலாக இருந்தால், அறுபது வருஷத்து வாட்சின் டயல் நேற்றுச் செய்ததுபோல் மின்னினால், தொடாதீர்கள்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், சுரபுன்னைக் காட்டு உப்புக் காற்றில் இருப்பவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. இந்தப் பழைய கடிகாரங்களுக்குத் தண்ணீர் ஆகாது. சாவித் திருகு வழியாக ஈரம் இறங்கினால் உள்ளே இருக்கும் எஃகுப் பாகங்கள் துருப்பிடிக்கும். தங்கம் தேய்ந்த இடத்தில் வேர்வை பட்டால் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். பல கேஸ்களில் முன்பக்கம் மட்டும் தங்கத் தகடு, பின்மூடி துருப்பிடிக்காத எஃகு என்று செய்தது இந்த வேர்வைக்குப் பயந்துதான். கழற்றியதும் உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். படகு ஏறும்போது கட்டாதீர்கள்.

வாட்சை ஆயில் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ரிப்பேர்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: டயலில் கை வைக்க வேண்டாம், கேஸுக்கு பாலிஷ் வேண்டாம், புது முலாமும் வேண்டாம். இயந்திரத்தைக் கழுவி எண்ணெய் விட்டுக் கொடுத்தால் போதும்.